சுளுக்கு என்று நினைத்தது

அன்றைக்கு ஆட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். என் மாமியார். எதிர்வீட்டு அக்கா, இரட்டைப் பிள்ளை பெற்றவர். அவருடைய பெண்பிள்ளைகள், ஒருத்தி இடுப்பில், ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு. சினையாக இருந்த வெள்ளாடு. பாயில் நான். என் வயிற்றில் ஒன்று. அது இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வேடசந்தூர் பக்கம், மில் பஸ் வந்து திரும்பும் ஊர் எங்களுடையது. நானும் அவரும் ஒரே நூல் மில்லில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆஸ்பத்திரியில் சொன்னதெல்லாம் அப்போதே புரிந்தது என்று சொல்ல மாட்டேன். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த மாதம் தூரம் தள்ளிப்போனது. பிறகு கொஞ்சமாக வந்தது. கறுப்பாக, திட்டுத் திட்டாக. தள்ளி வந்ததால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் தூரம் என்றால் கொட்டகை ஓரத்தில்தான் பாய். அடிவயிறு ஒரு பக்கமாக இழுத்தது. அதுவும் மாதாமாதம் உள்ளதுதானே என்று விட்டேன். மறுநாள் தோள்பட்டையில் குத்தல் எடுத்தது. படுத்தால் கூடியது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. தோள் வலியை வாய்விட்டுச் சொல்லலாம். அடிவயிற்று வலியை மாமியாரிடம் என்னவென்று சொல்வது. தோளை மட்டும் சொன்னேன்.

மில்லில் எனக்கு அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. மிசினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கை கீழே இறங்காது.

“நூல ஒட்டி ஒட்டிக் கை பெசகிருச்சு. சுளுக்குத்தான். இரு, அவளக் கூட்டியாறேன்” என்றார் மாமியார்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். எண்ணெய் போட்டு நீவுவார்கள். அதில் விடாவிட்டால் காலால் மிதித்து எடுப்பார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பெற்றவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு வைத்தால் போதும்.

அக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

“நிமிந்து உக்காரு ஆத்தா. மில்லுல சூப்பரவைசரு கையக் கிய்யப் பிடிச்சு இழுத்துட்டானா?”

“வாய அடக்குடி” என்றார் மாமியார். “அவ தூரத்துல இருக்கா. தொட்டுட்டுக் குளிக்காம வீட்டுக்குள்ள போயிராத.”

“ஒரே நாள்ல ரெண்டப் பெத்தவளுக்கு என்னத்தே தீட்டு? தலையில ஒரு சொம்பு ஊத்துனாப் போச்சு.”

நீவினார். கட்டைவிரலை வைத்துக் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் இழுத்தார். நல்ல கை. ஆனால் வலி அந்தக் கைக்கு அடியில் இல்லை. அதற்கும் உள்ளே எங்கேயோ இருந்தது.

“நரம்பு பெரண்டு கெடக்கு. போன வாரம் குஜிலியம்பாறையிலருந்து ஒருத்தன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்தான். போறப்ப சைக்கிள மிதிச்சுக்கிட்டுல்ல போனான். நீ இப்பப் பாரு.” கொஞ்ச நேரம் நீவிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். “அடுத்த வருசம் இந்தக் கையில நீயும் ஒண்ணத் தூக்கணும். ஒண்ணு போதும். ரெண்டுன்னா சீவன் போயிரும்.”



வலி விடவில்லை. காலால் எடுக்கலாம், குப்புறப் படு என்றார். படுத்தேன். தோளில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது. கொட்டகை இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, “அம்மா, அத்தை தூங்குது” என்று சொன்னது காதில் விழுந்தது. அக்கா என்னைப் புரட்டி, கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தாராம்.

“என்னத்தே, இப்பிடி வெளுத்துக் கெடக்கா. ஒதட்டுல ரெத்தமே இல்ல. இது சுளுக்கு இல்ல.”

அந்த நேரம் மில் பஸ் வந்தது. என் வீட்டுக்காரர் இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பஸ்ஸைத் திருப்பவிடாமல் முன்னால் போய் நின்றார்.

“திண்டுக்கல்லு வரைக்கும் விடுங்கண்ணே.”

“மில்லுக்கு என்னப்பா பதில் சொல்றது?” என்றார் டிரைவர்.

“பஞ்சர்னு சொல்லுங்க. எந்நாளும் சொல்றதுதான” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கடைசி சீட்டில் என்னைக் கிடத்தினார்கள். அவர் மடியில் தலை. பஸ்ஸின் கூரை மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். நாடியைப் பிடித்தார். வயிற்றில் கை வைத்தார். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டார். பிறகு, தோள் வலிக்கிறதா என்று கேட்டார்.

“ஆமாங்கம்மா, சுளுக்கு” என்றார் என் வீட்டுக்காரர். “நீவி விட்டிருக்கு.”

“சுளுக்கு இல்லப்பா. வயித்துக்குள்ள ரெத்தம் நெறஞ்சு மேல போய் முட்டுது. அந்த வலி தோள்ல காட்டும்.”

விவரம் சொன்னார். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. கரு அந்தக் குழாய் வழியாக வந்து பைக்குள் தங்க வேண்டும். எனக்கு வழியிலேயே, இடது குழாயில் தங்கிவிட்டது. கீரைத்தண்டு கனமுள்ள குழாயில் அது எவ்வளவு வளரும். வெடித்துவிட்டது. உடனே திறந்து குழாயை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்காது.

நான் உண்டாகியிருந்தேன் என்பதும், அது போய்விட்டது என்பதும் ஒரே பேச்சில் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். ரத்தம் வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் போகாமல் வாசலில் நின்றிருந்தார்கள். சேர்கிற ரத்தம் உள்ளவர்கள் கொடுத்தார்கள். டிரைவரும் கொடுத்தார்.

எனக்கு முழு மயக்கம். விழித்தபோது வாய் கட்டையாக இருந்தது. தண்ணீர் கேட்டேன். தரவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள். வயிற்றில் பெரிய கட்டு. மூத்திரத்துக்குக் குழாய். இருமல் வந்தால் சேலையை மடித்து வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். நிமிர முடியாது. கூனிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்தேன். நடந்தால்தான் சீக்கிரம் ஆறும், காலில் ரத்தம் கட்டாது என்று நர்ஸம்மா சொன்னார்.

அந்த நர்ஸம்மா ஒவ்வொரு தரம் வரும்போதும் ஒரே கேள்வி. “காத்துப் பிரிஞ்சுச்சா?” பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் தண்ணீர், அப்புறம்தான் கஞ்சி.

பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பை எடுத்த ஒரு அம்மா கிடந்தார். “பாத்துக்க. ஊருல விட்டா வைவாங்க. இங்க விடலைன்னு வையுறாங்க” என்றார்.

“சிரிக்க வைக்காதீங்கக்கா. தையல் இழுக்குது.”

எடுத்த குழாயை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அது வழக்கம். எடுத்ததைச் சொந்தக்காரர் பார்க்க வேண்டும். அவர் என்னிடம் சொல்லவில்லை. நான்தான் பிறகு கேட்டேன்.

“கிழிஞ்ச ரிப்பன் மாதிரி இருந்துச்சு” என்றார்.

“வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற ஒண்ணும் தெரியல.”

எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். பிள்ளைகளைக் கூட்டிவரவில்லை. எங்கே என்று கேட்டேன். விட்டுவிட்டு வந்தேன் என்றார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவை மறித்து, “நான் நீவுனதுலதான் வெடிச்சிருச்சாங்கம்மா?” என்று கேட்டார். “இல்லம்மா. நீ வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சிருச்சு” என்றார் டாக்டரம்மா. அக்கா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சுளுக்கு எடுத்து நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னவை இவை. கொஞ்ச காலத்துக்குக் குடம் தூக்காதே. மாவாட்டாதே. தையல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ வந்துவிடு. தூரம் தானாகத் திரும்பும். ஒரு குழாய் இருக்கிறது, அது போதும், பிள்ளை பெறலாம். ஆனால் இனிமேல் தள்ளிப்போனால் காத்திருக்காதே. ஒருதரம் குழாயில் தங்கினவளுக்கு மறுதரமும் தங்கலாம். உடனே வா.

ஒரு குழாய் போதும் என்றதை வீட்டில் வந்து சொன்னேன். “ஒத்த மாட்டு வண்டியும் ஊரு போய்ச் சேரத்தான செய்யுது” என்றார் மாமியார். அவர் என்னிடம் ஆறுதலாகச் சொன்னது அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நான்கு வருடம் போனது. மில்லுக்குப் போனேன், வந்தேன். மாதாமாதம் கொட்டகையில் பாய் போட்டேன். ஒவ்வொரு தரமும் அந்த வலது பக்கத்தை நினைத்துக்கொள்வேன். அங்கே ஒன்று இருக்கிறது. பார்க்க முடியாது, தொட முடியாது. ஆனால் இருக்கிறது.

அப்புறம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

காத்திருக்கவில்லை. அவரும் நானும் அடுத்த பஸ்ஸில் போனோம். மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, உண்டாகியிருக்கிறாய் என்றார் டாக்டரம்மா. அதே டாக்டரம்மாதான். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பையில் ஒன்றும் தெரியவில்லை. குழாயிலும் தெரியவில்லை. ரொம்பச் சின்னது, இப்போது தெரியாது, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம், வலி வந்தால் அந்த நிமிடமே வா என்றார்.

அந்த ஒரு வாரம் நான் ராணி மாதிரி இருந்தேன். மாமியார் குடத்தைத் தொட விடவில்லை. சந்தையில் அயிரை மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகை. “சாஞ்சு உக்காரு” என்பார். “கால நீட்டு” என்பார். நான் தோளையே கவனித்துக்கொண்டிருந்தேன். படுத்துப் பார்ப்பேன். வலி இல்லை. எழுந்து மறுபடி படுத்துப் பார்ப்பேன்.

“என்ன, படுக்கவும் எந்திரிக்கவுமா இருக்க?”

“சும்மாதான் அத்தே.”

வாரம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். பை காலியாக இருந்தது. வலது குழாய் வீங்கியிருந்தது.

மறுநாள் காலை ஆபரேசன் தியேட்டர். இந்தத் தடவை முழு மயக்கம் கிடையாது. முதுகில் ஊசி. உட்காரவைத்து, இறால் மாதிரி வளையச் சொன்னார்கள். ஊசி போட்டதும் இரண்டு காலும் சூடானது. பிறகு காலே என்னுடையது இல்லை என்பது போல ஆனது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியால் மறைப்பு. வலி தெரியாது. இழுக்கிறது, அமுக்குகிறது, அது தெரியும். யாரோ என் வயிற்றுக்குள் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

கத்தரிக்கோல்களின் சத்தம் நின்றது. டாக்டரம்மா கையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். கதவு முழுதும் மூடவில்லை. பேச்சு கேட்டது.

“குழாய் கிழிஞ்சிருக்கு. கருவ மட்டும் எடுத்துட்டுக் குழாயத் தைச்சு வைக்கலாம். ஆனா அது இனி ஒழுங்கா வேலை செய்யும்னு என்னால சொல்ல முடியாது. இல்ல, குழாயவே எடுத்துரலாம். எடுத்துட்டா இனித் தானாத் தரிக்காது. நீங்க சொல்லுங்க.”

“வச்சிருங்க தாயி” என்றார் மாமியார். “அது ஒண்ணுதான் இருக்கு.”

“நீங்க என்னப்பா சொல்றீங்க?”

என் வீட்டுக்காரர், “எது நல்லதோ பாத்துச் செய்யுங்கம்மா” என்றார்.

“ரெண்டுலயும் நல்லதுன்னு ஒண்ணும் இல்ல.”

“வச்சிரச் சொல்லுடா” என்றார் மாமியார்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். உள்ளே இருந்தவர்களிடம், “அந்தம்மா வைங்கிறாங்க. புருசன் முடிவா ஒண்ணும் சொல்லல” என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

“வச்சா என்னங்கம்மா ஆகும்?” என்று நான் கேட்டேன்.

துணிக்கு மேலே டாக்டரம்மாவின் முகம் வந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது.

“நீ முழிச்சுத்தான் இருக்கியா?”

“ஆமாங்கம்மா.”

“வச்சா, நல்லபடியா ஒண்ணு தங்கலாம். கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. ஆனா மறுபடி குழாய்லயே தங்குறதுக்குத்தான் வாய்ப்பு கூட. போன தடவ பஸ்ஸு கெடச்சுச்சு, வந்து சேந்த.”

“எடுத்துட்டா?”

“அந்தப் பயம் இல்ல. பிள்ளையும் இல்ல. தூரம் வழக்கம்போல வரும், ஒடம்புக்கு ஒரு கொறையும் வராது. மெட்ராசுல கருவ வெளிய வளத்துப் பையில வைக்கிற முறை இருக்கு. செலவு ஆகும். ஒங்களால ஆகுமான்னு தெரியல.”

மேலே விளக்கைப் பார்த்தேன். வட்டமான பெரிய விளக்கு. அந்த ஒரு வாரம் நான் படுத்துப் படுத்து எழுந்தது ஞாபகம் வந்தது. இனி மாதாமாதம் அப்படி இருக்க வேண்டும். தங்கினாலும் பயம், தங்காவிட்டாலும் ஏச்சு.

“எடுத்துருங்க” என்றேன்.

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“ஆமாங்கம்மா.”

தலைமாட்டில் நின்ற நர்ஸ் என் நெற்றியில் கை வைத்தார். கத்தரிக்கோல் சத்தம் மறுபடி கேட்டது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான் தெரிந்தது.

இந்தத் தடவை தட்டை என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. மாமியார்தான் பார்த்தார்.

வார்டில் என் அம்மா கூட இருந்தார். மாமியார் கட்டில் பக்கம் வரவில்லை. வராண்டாவில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். “நாங்க வையிங்கிறோம், அவ எடுங்கிறா. மலடிங்கிற பேர அவளே வாயத் தொறந்து கேட்டு வாங்கிக்கிட்டா.”

“ஏ சம்மந்தி, அவ உசுரு பொழச்சு வந்திருக்கு” என்றார் அம்மா.

“உசுரு எல்லாத்துக்கும்தான் இருக்கு.”

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கட்டிலோரம் நின்றார்.

“நீயே சொன்னியாம்ல.”

“ஆமா.”

ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, தட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெகுநாள் எங்களுக்குள் வேண்டிய பேச்சு மட்டும்தான்.

தையல் பிரித்து ஊருக்கு வந்தேன். கிணற்றடியில் ஒருத்தி, “குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டியாமே? ஒண்ணுகூடப் பெக்காமயா பண்ணுவாங்க?” என்று கேட்டாள். குழாய் என்றாலே ஊரில் அந்த ஆபரேசன்தான் தெரியும். நான் விளக்கம் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது.

வயிற்றில் உள்ள தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போய் இருந்தது. குளிக்கும்போது கை பட்டாலும் தெரியாது. மழைமூட்டமாக இருந்தால் உள்ளே இழுக்கும். டாக்டரம்மா சொன்னபடி தூரம் வந்தது. நான் பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி எதுக்கு இது வருது?” என்றார்.

கேட்டதில் கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் பாயை விரித்தேன்.

அம்மா ஊருக்குப் போன பிறகு மாமியார் பேச்சை எடுத்தார். கொடைரோட்டில் அவருடைய இளைய மகன் இருந்தார். அங்கே சொந்தத்தில் ஒரு பெண். அப்பன் இல்லாதவள், இரண்டாந்தாரமாகக் கொடுக்கச் சம்மதம். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

“ஒருதரம் வந்து பாருடா. பிடிக்கலைன்னா விட்ரு. இவள யாரு வெரட்டப் போறா? இவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா” என்றார்.

“வர்றியா, வரலியா?”

“ஒன்னய ஏத்திவிட வர்றேன்.”

மாமியார் தன் துணிகளை ஒரு பையில் கட்டினார். வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் வாசல் வரைக்கும் போனேன். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ரோட்டில் முன்னால் அவர் போனார், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் போனார். கொடைரோட்டுப் பஸ்ஸில் அவரும் ஏறிவிடலாம். ஏறினால் நான் கேட்க ஒன்றும் இல்லை. எடு என்று சொன்னவள் நான். உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

அவர் திரும்பி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். முகம் கழுவினார்.

“அம்மா போயிருச்சு. அங்கதான் இருக்குமாம்.”

“ம்.”

“நீ அன்னைக்குச் சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியல.”

துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“சோறு வையி. பசிக்குது.”

அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினேன். எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு ஆழாக்கு கணக்கு. பானையில் கையை விட்டு அரிசியை அளந்தேன்.

இரண்டு ஆழாக்கு.